இன்னும் கொஞ்சம் இஸ்க்கும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் மனசு பொறுக்காத ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. கெட்டுப்போன பொருளைச் சரிசெய்கிறவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் மெக்கானிக்குகள், நமக்கு வேண்டியவர்கள். நான் சொல்வது, சரியாக இருக்கும் பொருளைச் சரிசெய்கிறவர்களை.

எப்படி அடையாளம் காண்பது? சுலபம். புதிதாக ஒரு மிக்சியோ மேஜை விசிறியோ வாங்கி வாருங்கள். வீட்டுக்கு வருகிற மற்றவர்கள் எந்தக் கடை என்று கேட்பார்கள், கலர் நன்றாக இருக்கிறது என்பார்கள், காபி வருமா என்று சமையலறைப் பக்கம் பார்ப்பார்கள். இந்த இனத்தவர் ஒன்றுமே கேட்க மாட்டார். பொருளை அப்படியே தலைகீழாகக் கவிழ்ப்பார். அடியில் திருகாணிகள் தெரியும். அப்போது அவர் முகத்தில் ஓர் ஒளி வரும் பாருங்கள், கல்யாண ஆல்பத்தில்கூட அவரை நீங்கள் அப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இவர்களுக்கு ஒரு கொள்கை உண்டு. உலகத்தில் உள்ள எல்லா இயந்திரத்துக்கும் உள்ளே அசாத்திய பலம் இருக்கிறது. கம்பெனிக்காரன் அதை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறான். ஏன் அடக்கினான்? அதைக் கேட்கக் கூடாது. கேட்டால் உங்களுக்கு விவரம் தெரியாது என்று அர்த்தம். அடக்கி வைத்ததை அவிழ்த்து விடுவது அவர்களுடைய பிறவிக்கடமை. அவிழ்த்துவிட்டு மறுபடி பூட்டும்போது இரண்டு திருகாணி மிஞ்சும். நாமாக இருந்தால் பதறுவோம். அவர் பதற மாட்டார். “எக்ஸ்ட்ராவா போட்டு அனுப்பிக்கீறான்” என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

எங்கள் காலடிப்பேட்டையில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் வேலப்பன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டு, பேரிங், பெல்ட்டு எல்லாம் காலையிலிருந்து மாலைவரை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். எடுத்துக் கொடுப்பதோடு சரி. பூட்டுகிற சந்தோஷம் முழுக்க வேறு ஆட்களுக்கு. இருபது வருஷம் இப்படிக் கையைக் கட்டி வைத்திருந்தால் எந்த மனிதனுக்குத்தான் கை அரிக்காது? அந்த அரிப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தீர்த்துக்கொள்வார். அவர் வீட்டுக் கடிகாரம் அரைமணி வேகமாக ஓடும். அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினால் அடுத்த வீட்டில் அடிக்கும். அடுத்த வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் தாஹிரா எழுந்து வந்து, “அக்கா, உன் வூட்டுக்கு யாரோ வந்துகீறாங்க” என்று குரல் கொடுப்பார். இது பழகிப் போய் யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை.

வேலப்பனின் மனைவி சிவந்தி. தெருவுக்கே சிவந்தியக்கா. விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, காலடிப்பேட்டைத் தெருக்களில் வீடு வீடாகக் கொடுப்பவர். இதில் மீன் விற்பது பெரிய கஷ்டமில்லை. மீனை வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் கஷ்டம். மீன் அன்னக்கூடையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தால் பஸ் டிரைவருக்கு நிறுத்தம் மறந்துபோகும். ஷேர் ஆட்டோக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஆளாக ஏறச் சொல்வார். டெம்போ வேனில் மற்ற பெண்களோடு வந்தால், எல்லார் சரக்கும் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வெயில் ஏறி, மீன் கண் வெளுத்து, வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஊரெல்லாம் பேட்டரி ஸ்கூட்டர் கடை திறந்தார்கள். பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், ராத்திரி செருகினால் காலையில் ரெடி. சிவந்தியக்கா டோல்கேட் பக்கம் ஒரு கடை வாசலில் நின்று பார்த்தார். மறுநாளும் நின்று பார்த்தார். ஒரு நாள் உள்ளே போய் ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். அடுத்த வாரம் நீல நிற வண்டி ஒன்று சத்தமே இல்லாமல் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தது அக்காவேதான். பின்னால் தாஹிரா, இரண்டு கையாலும் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு எஞ்சின் கிடையாது, செயின் கிடையாது, புகைக்குழாய் கிடையாது. பின்சக்கரத்தின் நடுவில் தோசைக்கல் அளவுக்கு வட்டமாக ஒன்று தெரியும். அதுதான் மோட்டார். உள்ளே அச்சோடு சேர்ந்து அசையாமல் நிற்கும் செம்புக் கம்பிச் சுருள்கள். அவற்றைச் சுற்றி, சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு சுழலும் காந்தங்கள். எந்தச் சுருளுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் என்று பார்த்துப் பார்த்து ஊட்டுவதற்கு, கால் வைக்கும் பலகைக்கு அடியில், பேட்டரிகளுக்குப் பக்கத்தில், ஓர் அலுமினியப் பெட்டி. கன்ட்ரோலர் என்பார்கள். வண்டி மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாமல் பிடித்து வைப்பதும் அந்தப் பெட்டிதான். சின்ன மோட்டார், சின்ன பிரேக், சின்ன டயர், சின்ன வேகம். ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தது.

சிவந்தியக்காவுக்கு அந்த அளவு கச்சிதமாக இருந்தது. விடியலில் கிளம்புவார். கூடையைக் காலடிப் பலகையில் வைத்துக்கொண்டு, வெயிலுக்கு முன் வீடு திரும்புவார். “யாரையும் கெஞ்சாம வர்றேன்டி தாஹிரா, அதான் பெருசு” என்று சொல்லிக்கொண்டே, வண்டிக்குச் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைப்பார். மீனும் கண் பளபளக்க வந்தது. வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

எல்லாம் சரியாக இருந்தது. அங்கேதான் ஆபத்து.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேலப்பன் வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்தார். குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

“சைக்கிள்காரன் ஓவர்டேக் பண்றானாமே?” என்றார் மனைவியிடம்.

“பண்ணட்டுமே. அவனுக்கு இன்னா அவசரமோ.”

“உனக்குத் தெரியாது மே. உள்ள பவர் கீது. கம்பெனிக்காரன் அடக்கி வெச்சுக்கீறான்.”

“யோவ், அத்த மட்டும் தொடாதே. அது என் வண்டி.”

“சும்மா தொறந்து பார்க்கிறேன்.”

சும்மா திறந்து பார்க்கிறேன் என்று இந்த இனத்தவர் சொன்னால், ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று பொருள். கன்ட்ரோலரிலிருந்து ஒரு வெள்ளை ஒயர் வெளியே வந்து, வளைந்து, அதே பெட்டிக்குள் திரும்பப் போயிருந்தது. எதற்கும் உபயோகமில்லாத ஒயர்போல் தோன்றும். அதுதான் வேகத்தைக் கட்டுகிற ஒயர் என்று யாரோ தொழிற்சாலைக் கேன்டீனில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கட்டரால் ‘டிக்’ என்று வெட்டினார். வண்டி முப்பதைத் தாண்டியது. சிவந்தியக்கா முதலில் திட்டினார். பிறகு பாலத்தின் மேட்டில் வண்டி முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஏறியபோது கொஞ்சம் சிரித்தும்விட்டார். அந்தச் சிரிப்பை, பின்னால் உட்கார்ந்து வந்த தாஹிரா சொல்லி வேலப்பன் கேள்விப்பட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரை யார் நிறுத்துவது?

“இது இன்னா? இன்னும் கொஞ்சம் இஸ்க்கும்!” என்றார். இஸ்க்கும் என்றால் இழுக்கும், இன்னும் வேகம் எடுக்கும் என்று அர்த்தம்.

நான்கு பேட்டரிகள் இருந்த வண்டிக்கு ஐந்தாவதாக ஒன்று வந்தது. அதைச் சீட்டுக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டினார். வண்டியோடு வந்த சார்ஜர் நான்குக்குத்தான் என்பதால், ஐந்தாவதற்குத் தனியாக லாரி ஷெட்டிலிருந்து ஒரு பெரிய சார்ஜரை இரவல் வாங்கி வந்து, சமையலறையில் பிளக் பாயின்ட் வசதியாக இருக்கிறதென்று அடுப்புக்குப் பக்கத்திலேயே செருகினார். யானைக்குப் போடுகிற கவளத்தைப் பூனைக்கு ஊட்டியதுபோல அந்தப் பேட்டரி உப்பி, சூடேறி, உள்ளே கொதிக்க ஆரம்பித்தது.

தாஹிரா மூக்கை மூடிக்கொண்டு வந்தார். “அக்கா, முட்டை ஏதாச்சும் அழுகிப் போச்சா?”

“முட்டையே இல்லையேடி வூட்ல.”

“அது கேஸு. நார்மல்” என்றார் வேலப்பன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

சிவந்தியக்கா உள்ளே ஓடினார். அடுப்பை அணைத்தார். மெயின் சுவிட்சை இறக்கினார். ஜன்னல் இரண்டையும் திறந்தார். பிறகு பேட்டரியைப் பழந்துணியால் சுற்றித் தூக்கி வந்து முற்றத்தில் வைத்துவிட்டுத்தான் கணவரைப் பார்த்தார். அந்த அழுகின முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது கக்கும் வாயுவுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பொறி போதும், வீட்டுக்கே கூரை இருக்காது. வேலப்பன் சொன்ன பதில் என்ன தெரியுமா? “நாளைலேர்ந்து வராண்டாவுல வெச்சு போடறேன்.” வேறொரு பேட்டரி வாங்கி வந்தார்.

ஐந்து பேட்டரியின் வேகத்தில் கன்ட்ரோலர் சுட்டது. நியாயம்தானே? நான்கு பேருக்குச் செய்த பெட்டியில் ஐந்து பேர் ஏறினால் சுடாதா? வேறு யாராக இருந்தாலும் ஐந்தாவதைக் கழற்றியிருப்பார்கள். வேலப்பன் டிரில்லை எடுத்து, காற்று போகட்டும் என்று காலடிப் பலகையில் சல்லடையாகத் துளை போட்டார். அதே பலகையில்தான் தினமும் ஐஸ் போட்ட மீன்கூடை உட்காரும், அதிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. காற்றுக்கு வழி செய்பவர் தண்ணீரைப் பற்றி யோசிப்பாரா?

அதற்கப்புறம் பிரேக். இந்த வண்டிகளில் பிரேக் பிடியைத் தொட்ட உடனே மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும்படி உள்ளே ஒரு சின்ன சுவிட்சு வைத்திருப்பார்கள். வேலப்பனுக்கு அது பிடிக்கவில்லை. “லேசா தொட்டாலே பவர் கட்டாவுது. திரும்ப எடுக்கறதுக்குள்ள சுணங்குது” என்று அந்த ஒயரைப் பிடுங்கி டேப் சுற்றிவிட்டார். பிரேக் கட்டைகள் சக்கரத்தை உரசி வேகத்தைத் தின்கின்றன என்று அவற்றையும் தளர்த்தினார்.

“பிரேக்குன்னா நிக்கணும்யா. அதுல இன்னா இஸ்க்குறது?” என்றார் சிவந்தியக்கா.

“நிக்கும் மே. கொஞ்சம் மின்னாடியே புடி.”

கடைசியாகச் சாவி. காசிமேட்டுக் கூட்டத்தில் யாராவது கள்ளச்சாவி போட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால்? சாவியின் ஒயரைத் தனியே இணைத்துவிட்டு, யாருக்கும் தெரியாத ரகசிய சுவிட்சு ஒன்றைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்தார். சீட்டைத் தூக்கி அதைத் தட்டினால்தான் வண்டி உயிர் பெறும், அதைத் தட்டினால்தான் அடங்கும்.

“அப்ப சாவி?”

“சாவி இனிமே அழகுக்கு.”

ஒருநாள் தையலை நிறுத்திவிட்டு இந்த வேலைகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தாஹிரா, மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். “அண்ணாத்தே, மின்னாடி இதுல இன்னா கொறை இருந்துச்சு?”

வேலப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அந்தக் கோணத்தில் அவர் யோசித்ததே இல்லை. பிறகு, “கொறை இல்ல தாஹிரா. அதான் கொறை” என்றார்.

தம் கைவண்ணத்தைக் கண்ணாரக் காண ஒரு ஞாயிறு காலை அவரும் காசிமேட்டுக்கு வந்தார். ரெண்டு ஆளும் ஒரு கூடை மீனும் ஏறினாலும் வண்டி சும்மா பறக்கும் என்று ஏலம் போடுகிற இடத்தில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டார். சிவந்தியக்கா சங்கராவும் நெத்திலியும் எடுத்து, ஐஸைக் கொட்டி, கூடையைப் பலகையில் வைத்தார். சீட்டைத் தூக்கி ரகசிய சுவிட்சைத் தட்டினார். முன்னால் அவர், பின்னால் வேலப்பன். கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே கடற்கரைச் சாலைக்கு வந்தார்கள்.

சாலையில் ஏறியதுமே வண்டி ஒருமுறை வெட்டி இழுத்தது.

“பாத்தியா பிக்கப்பு!” என்றார் பின்னாலிருந்தவர்.

மறுபடி ஒரு வெட்டு. பிறகு வண்டி ஒரே சீராகச் சீறிக்கொண்டு போனது. எதிர்க்காற்று அக்காவின் முந்தானையைத் தூக்கியது. வலதுபக்கம் கடல், இடதுபக்கம் ஹார்பரிலிருந்து வெளியேறி வரிசை வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள்.

“யோவ், வண்டி போய்க்கினே கீதுய்யா.”

“போவட்டும் மே. பேட்டரி ஃபுல்லா கீது.”

“நான் ஆக்சிலேட்டர வுட்டுட்டேன்யா! கைய எடுத்துட்டேன்! அப்பவும் போவுது!”

வேலப்பன் எட்டிப் பார்த்தார். மனைவியின் வலதுகை கைப்பிடியில் விரிந்து கிடந்தது. எதையும் முறுக்கவில்லை.

“பிரேக்க புடி!”

“புடிச்சுகினுதான் கீறேன்!”

பிரேக் கிறீச்சிட்டது. தளர்த்தி வைத்த கட்டைகள் சக்கரத்தைப் பிடிக்கப் பார்த்தன. மின்சாரம் நிற்காத மோட்டார் அதே சக்கரத்தை இழுத்தது. ஜெயித்தது மோட்டார்தான்.

“சாவிய திருப்பு! சாவிய திருப்பு!”

“சாவி அழகுக்குன்னு நீதானய்யா சொன்னே! சுவிட்ச அமுக்கு!”

“சுவிட்சு சீட்டுக்கு அடில கீது!”

“சீட்டுக்கு மேல யாரு கீறது?”

“நான்தான்!”

“எழுந்திரிய்யா!”

ஓடுகிற ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து எப்படி எழுந்திருப்பது? வேலப்பன் ஒரு காலைத் தூக்கினார், வண்டி ஆடியது. மறுகாலைத் தூக்கினார், வண்டி இன்னும் ஆடியது. சீட்டைக் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தார். தம்மையும் சேர்த்துத் தூக்க அவருக்குப் பலம் போதவில்லை.

முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி நின்றது. அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கு முன்னால் இன்னொன்று. வரிசை நகரவில்லை. லாரியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்புறம் அதன் பின்சக்கரங்களின் ரப்பர் பட்டை, பட்டையில் ஒட்டிய காய்ந்த சேறு, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

சிவந்தியக்கா ஹேண்டிலை வலதுபக்கம் வெட்டினார். வண்டி சாலையைக் குறுக்கே கடந்து இறங்கி, மணலில் குதித்து, கரையோரம் மலையாகக் குவித்து வைத்திருந்த நைலான் வலைக்குள் தலைகீழாகப் பாய்ந்தது. வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தல் தைத்துக்கொண்டிருந்த கமாலுதீன் பாய் ஊசியோடு துள்ளி எழுந்தார்.

மீன் மணலெல்லாம் சிதறியது. அக்காவுக்கு முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. வேலப்பன் வலது மணிக்கட்டின் மேல் விழுந்து, எழ முடியாமல் கிடந்தார். வண்டி மட்டும் சாகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தபடியே அதன் பின்சக்கரம் ஆவேசமாகச் சுழன்று வலையைச் சுருட்டி இழுத்தது. வலையோடு சேர்ந்து வேலப்பனின் கால் அதை நோக்கி நகர்ந்தது.

“பாய், புடிங்க அந்த ஆள!” என்று கத்திக்கொண்டே சிவந்தியக்கா நொண்டியபடி பாய்ந்தார். கமாலுதீன் வேலப்பனை அக்குளில் கைகொடுத்துப் பின்னால் இழுத்தார். அக்கா சீட்டைத் தூக்கி, கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே துழாவி, சுவிட்சைத் தட்டினார்.

சக்கரம் நின்றது. அலைச் சத்தம் கேட்டது.

கமாலுதீன் தம் வலையைப் பார்த்தார். பாதி வலை சக்கரத்துக்குள் இருந்தது. “நல்லா இஸ்க்குது அண்ணாத்தே உன் வண்டி” என்றார். வேலப்பனின் கை வளைந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் கேலி செய்ய அவருக்கு மனசு வரவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனார்.

சிவந்தியக்கா மணலில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடிக்குள் வைத்து அழுத்திக்கொண்டார்.

“அந்த லாரி டயரு கண்ணுக்கு மின்னாடி வந்துச்சு” என்றார். குரல் உயரவில்லை. அதுதான் வேலப்பனைப் பயமுறுத்தியது. “சாவப்போறேன்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப இன்னா நெனச்சேன் தெரியுமா? அடுப்புல பாலு வெச்சுட்டு வந்துட்டனான்னு நெனச்சேன். சாவுற நேரத்துல பாலுய்யா.”

“சிவந்தி…”

“நீ மெக்கானிக்கா இருந்துக்கோ. வேணாங்கல. என் உசுருல ஏன்யா கைய வெச்சே?”

வேலப்பன் உடைந்த கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மணலில் கிடந்த நெத்திலிகளை இடதுகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தார். மணல் ஒட்டிய மீனை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். அக்கா தடுக்கவில்லை.

கைக்கு மாவுக்கட்டு போட்டு ஆளை வீட்டில் உட்கார வைத்த பிறகு, சிவந்தியக்காவும் தாஹிராவும் வண்டியை ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு, வாங்கின கடைக்கே போனார்கள். “இன்னா பண்ணணும்?” என்று கேட்டார் சர்வீஸ்காரர். “எப்டி வாங்கினேனோ அப்டி வோணும்” என்றார் அக்கா.

நடந்தது என்னவென்று அங்கே தெரிந்தது. இந்த வண்டியில் ஆக்சிலேட்டருக்குக் கேபிள் கிடையாது. கைப்பிடிக்குள் ஒரு காந்தம், அது எவ்வளவு திரும்பியது என்று பார்க்கிற ஒரு சின்ன சில்லு, அதிலிருந்து மெல்லிய ஒயர்கள். காற்று போகட்டும் என்று போட்ட துளை வழியே மீன் தண்ணீர் இறங்கி, அந்த ஒயர்கள் சேரும் இணைப்பை உப்பு அரித்துவிட்டது. எர்த் ஒயர் அறுந்ததும், கையை எடுத்தாலும் முழுசாக முறுக்கியிருப்பதாகவே கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டது. இப்படி ஒன்று நடந்தாலும் ஆள் பிழைக்கட்டும் என்றுதான் பிரேக் தொட்டால் மோட்டார் நிற்கும் சுவிட்சும், கைக்கெட்டும் இடத்தில் சாவியும், இறுக்கமான பிரேக்கும் வைத்திருந்தார்கள். கம்பெனிக்காரன் அடக்கி வைத்திருந்ததாக வேலப்பன் நினைத்ததெல்லாம், கம்பெனிக்காரன் பயந்து பயந்து வைத்திருந்த பாதுகாப்பு. ஐந்தாவது பேட்டரி இறங்கியது. சாவி மறுபடி சாவியானது. வெள்ளை ஒயரும் சேர்ந்தது. “ஸ்பீடு கொறஞ்சுடும்மா” என்று எச்சரித்த சர்வீஸ்காரரிடம், “கொறையட்டும் நைனா, வூடு போய்ச் சேர்றேன்” என்றார் அக்கா.

காலடிப் பலகையின் துளைகளை மட்டும் அவர் அங்கே அடைக்கச் சொல்லவில்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, வேலப்பன் முன்னால் நிறுத்தி, ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசை பாக்கெட் ஒன்றைக் கொடுத்தார். “நீ போட்ட ஓட்டை. நீயே அடை.” அவர் இடதுகையால் பிசைந்து பிசைந்து, ஒவ்வொரு துளையாக அடைத்து, விரலால் வழித்து மட்டமாக்கினார். பக்கத்து வீட்டிலிருந்து தாஹிரா வந்து வாளித் தண்ணீரை ஊற்றிச் சோதித்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்த வண்டிக்கு வேலப்பன் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். நன்றாகவே செய்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கமாலுதீனின் வலையைச் சக்கரத்திலிருந்து வெட்டி எடுத்ததில் பெரிய பொத்தல் விழுந்திருந்தது. கட்டு பிரித்த பிறகு வேலப்பன் ஞாயிறு தோறும் காசிமேட்டுக்குப் போய், பாயின் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தைத்துக் கொடுத்தார். முதல் வாரம் முடிச்சு கற்றுக்கொண்டார். இரண்டாவது வாரம் ஒழுங்காகத் தைத்தார். மூன்றாவது வாரம், ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாய், இந்த ஊசிக்கு மூக்கு தப்பா வெச்சுக்கீறாங்க. கொஞ்சம் அரத்த குடு, ராவித் தர்றேன்” என்றார். கமாலுதீன் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, மீன் வாங்க வந்திருந்த சிவந்தியக்காவைக் கூப்பிட்டார். அக்கா வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, “ஏறு” என்றார். அவர் ஏறிக்கொண்டார். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். வழியில் மூன்று சைக்கிள்காரர்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். அக்கா மூவருக்கும் வழிவிட்டார்.

பாவம் அந்த வேலப்பன், நல்லவேளை நாம் அப்படியில்லை என்று சிரித்துக்கொண்டீர்கள் அல்லவா? தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு ஒரே ஒரு சின்னச் சந்தேகம். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டை எடுத்து ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்பக்க மூடி இருக்கிறதா, அல்லது ரப்பர் பேண்டு போட்டிருக்கிறதா? ரப்பர் பேண்டு என்றால், யார் வேலை இது என்று மட்டும் வீட்டில் சத்தமாகக் கேட்டுவிடாதீர்கள். வீட்டில் உள்ளவர்கள் இத்தனை வருஷமாகப் பெருந்தன்மையாகச் சொல்லாமல் இருக்கிறார்கள்.